யு.எஸ்.பி.யில் இணையும் டி.என்.ஏ. சாதனம்

டி.என்.ஏ.வைப் படிக்கும் ஆய்வகச் சாதனத்தையும் பிரிண்டர் போலக் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. போர்ட்டில் இணைக்கலாம், தெரியுமா? ஆக்ஸ்போர்டு நானோபோர் நிறுவனத்தின் மினியான் அப்படிப்பட்டது. உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இதிலுள்ள சவ்வில் மிக நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே மின்சாரம் பாயும். டி.என்.ஏ. இழை நுழையும்போது, துளையில் இருக்கும் ஏ, சி, ஜி, டி எழுத்துகளுக்கேற்ப மின்னோட்டம் மாறும். அந்த மாற்றத்தைச் சாப்ட்வேர் எழுத்துகளாக்கித் தருகிறது.

2015ல் கினியாவில் எபோலா பரவியபோது, ஆய்வாளர்கள் இதை விமானப் பயணப் பெட்டியில் எடுத்துச் சென்றனர். மாதிரி கிடைத்த 24 மணி நேரத்திற்குள் வைரஸின் மரபணு வரிசை கிடைத்தது. நோய் பரவிய வழியைத் தேட உதவியது.

சாதனம் சிறியது, அது உருவாக்கும் ஃபைல்கள் பெரியவை. எனவே ஹார்ட் டிஸ்க்கில் போதிய இடம் வேண்டும். வேலை முடியும்வரை கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலைக்குப் போகாதபடி செட் செய்துகொள்ள வேண்டும்.