மேற்கே கறுத்தால் படகில் ஏறலாமா?

கேள்வி: போன ஆவணியில் மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம், என் இரண்டு பிள்ளைகள் என்று எல்லோருமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் படகுச் சவாரிக்குப் போனோம். ஏறும்போது மேற்கே மட்டும் கறுத்திருந்தது. பாதி தூரம் போனதும் சில்லென்று ஒரு காற்று. அடுத்த ஐந்து நிமிடத்தில் படகு ஆடிய ஆட்டத்தில் பிள்ளைகள் அலறிவிட்டார்கள். எப்படியோ கரை சேர்ந்தோம். என் நாலு வயது மகளுக்குக் கட்டியிருந்த லைஃப் ஜாக்கெட் அவள் காது வரை ஏறிக்கிடந்ததுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இந்த வருடமும் போகலாம் என்கிறார்கள். "ஆபத்து என்றால் டிக்கெட் கொடுப்பார்களா?" என்கிறார் என் கணவர். நான் வீணாகப் பயப்படுகிறேனா? எதைப் பார்த்து முடிவெடுப்பது?
— வாசகி, திண்டிவனம்

பதில்: வீண் பயம் இல்லை, அம்மா. நீங்கள் பார்த்தது மிகச் சரியான அறிகுறி. அதைப் பார்த்த பிறகும் ஏறியதுதான் தவறு.

உங்கள் ஊரின் வானத்திலிருந்து தொடங்குகிறேன். ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். காலையில் நல்ல வெயில் அடிக்கும். அந்தச் சூட்டில் ஜவ்வாது மலை, திருவண்ணாமலைப் பக்கம் பிற்பகலில் மேகம் திரளும். மாலையில் அது கிழக்கே நகர்ந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகக் கடற்கரைக்கு வரும். ஆகவே அந்த மாதங்களில் மேற்கே கறுப்பது என்றால், மழை உங்களை நோக்கிப் புறப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் சில்லென்ற காற்று அந்த மேகத்துக்குள்ளிருந்து வருவதுதான். குளிர்ந்து கனத்த காற்று மேகத்திலிருந்து கீழே விழுந்து, தரையில் மோதி, நாலாபக்கமும் பரவி, மழைக்குப் பல கிலோமீட்டர் முன்னால் ஓடிவரும். கரையில் இருப்பவருக்கு அது சுகமான காற்று. தண்ணீரில் இருப்பவருக்கு அதுவே கடைசி எச்சரிக்கை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நாலு மடங்காகும். அதனால்தான் ஐந்தே நிமிடத்தில் எல்லாம் மாறிப்போனது.

"கடலா என்ன, ஏரிதானே, ஆழம் இல்லையே" என்று பலர் தைரியம் சொல்வார்கள். ஆழம் குறைந்த நீரில் அலை உயரமாக இல்லாவிட்டாலும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். ஒரு அலையிலிருந்து படகு நிமிர்வதற்குள் அடுத்தது வந்து மோதும். தாழ்ந்த விளிம்புள்ள சுற்றுலாப் படகுக்கு அது போதும். உள்ளே புகுந்த நீர், படகு சாயும் பக்கமே ஓடி, அதை இன்னும் சாய்க்கும்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். 2018 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், டேபிள் ராக் என்ற ஏரியில், நீரிலும் நிலத்திலும் ஓடும் ஒரு சுற்றுலாப் படகில் 31 பேர் போனார்கள். மாலை 6.32க்கு அந்நாட்டு வானிலைத் துறை கடும் இடிமழை எச்சரிக்கை விடுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான், அரை மணி நேரத்துக்குள், அந்தப் படகு நீரில் இறங்கியது. ஏரி அப்போது அமைதியாகத்தான் இருந்தது. சில நிமிடங்களில் புயல்காற்று வந்து படகை மூழ்கடித்தது. 17 பேர் இறந்தார்கள். அதில் 9 பேர் ஒரே குடும்பம். லைஃப் ஜாக்கெட்டுகள் படகிலேயே இருந்தன. பயணிகளை அணியச் சொல்லவில்லை. எல்லோரும் டிக்கெட் வாங்கித்தான் ஏறியிருந்தார்கள்.

நம் பக்கமும் கணக்கு குறைவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர். அவர்களில் 11 பேர் ஒரே குடும்பத்தினர். ஏற்றக்கூடிய எண்ணிக்கையை மீறி ஆட்களை ஏற்றிய படகு அது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உறவினர் கூட்டம் ஒன்று மீன்பிடிப் படகில் உல்லாசமாகப் போய் 22 பேர் இறந்தார்கள். குடும்பத்தோடு போகும் நாளில் விபத்து நடந்தால் ஒரு வீடே காலியாகிவிடுகிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஒரே படகில் எல்லோரும் ஏறியாக வேண்டும் என்ற ஆசையை முதலில் விடுங்கள். இரண்டு நடையாகப் போங்கள். பாதிப்பேர் கரையில் இருக்கட்டும்.

2021இல் வந்த உள்நாட்டு நீர்க்கலன்கள் சட்டப்படி இயந்திரப் படகுகளுக்குப் பதிவும் தகுதிச் சான்றும் வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

எப்போது போவது? தென்மேற்குப் பருவ மாதங்களில் காலையிலேயே போய், மதியச் சாப்பாட்டுக்கு முன் தண்ணீரை விட்டு வெளியேறுங்கள். முதலியார்குப்பமோ புதுச்சேரி சுண்ணாம்பாறோ, எங்கே போனாலும் இதுதான் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது மழை கடலிலிருந்து வரும், விடியற்காலையிலும் கொட்டும். விழுப்புரம் மாவட்டம் சென்னை, காரைக்கால் ராடார்கள் இரண்டின் வீச்சுக்குள்ளும் இருக்கிறது. சென்னை வானிலை மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான முன்னறிவிப்பை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒருமுறை, டிக்கெட் வாங்கும் முன் ஒருமுறை அதைப் பாருங்கள். மின்னலுக்கு 'தாமினி' என்ற செயலி இருக்கிறது. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் வாய்ப்பு இருந்தால் சொல்லும்.

செல்போன் இல்லாவிட்டாலும் ஒரு கணக்கு உண்டு. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, படகில் இருக்கக்கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மறுபடி ஏறவும் கூடாது.

இனி உங்கள் மகளின் ஜாக்கெட். கட்டி முடித்ததும் அதன் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். தாடைக்கும் காதுக்கும் ஏறினால் அது அவளுடைய அளவு இல்லை. தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மிதக்கும், பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். சின்னப் பிள்ளைகளின் ஜாக்கெட்டில் கால்களுக்கு இடையே போட்டுக் கட்டும் பட்டை இருக்க வேண்டும், கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் மடிப்பு இருந்தால் இன்னும் நல்லது. குழந்தை அளவு இல்லை என்று சொன்னால் குழந்தை ஏறவேண்டாம். "மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்று மாமியார் சொல்வார். அன்போடுதான் சொல்வார். ஆனால் படகு கவிழும் நொடியில் எந்தக் கையாலும் பிள்ளையைப் பிடித்துவைக்க முடியாது. பெண்கள் அன்றைக்குச் சேலையைத் தவிர்த்துச் சுடிதார் போட்டுக்கொள்வது நல்லது. நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ளும். மூடிய அறைக்குள்ளோ தொங்கும் திரைகளுக்குப் பின்னாலோ உட்காராதீர்கள். மிசூரி படகில் பயணிகள் வெளியேற முடியாமல் போனதற்குக் கூரையும் பக்கத் திரைகளும் ஒரு காரணம்.

கடைசியாக ஒன்று. காசு கட்டியாயிற்று, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பிள்ளைகள் அழும். இந்த மூன்றும் சேர்ந்து எந்தப் பெரியவரையும் படகில் ஏற்றிவிடும். ஆகவே வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு முடிவு செய்துகொள்ளுங்கள்: கூட்டத்தில் யார் ஒருவர் "வேண்டாம்" என்றாலும், அது உங்கள் மாமியாராக இருந்தாலும் மகளாக இருந்தாலும், அன்றைக்குச் சவாரி இல்லை. யாரும் அவரைக் கேலி செய்யக் கூடாது.

கேள்வி: பெடல் போட்டில் நண்பர்களோடு நடு ஏரியில் இருக்கும்போது காற்று பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?
— கல்லூரி மாணவர், விழுப்புரம்

பதில்: பெடல் படகு காற்றுக்கு ஆகவே ஆகாது. மேலே கூரை இருக்கும், அடியில் ஆழம் இருக்காது. காற்று பிடித்தபின் எதிர்த்து மிதித்தால் தொடை வலிதான் மிச்சம். டிக்கெட் வாங்கிய துறைக்கே திரும்ப வேண்டும் என்று போராடாதீர்கள். காற்று தள்ளும் திசையில் எந்தக் கரை பக்கமோ அங்கே போய்ச் சேருங்கள். நாணல், சேறு, முள் எதுவானாலும் கரை கரைதான். ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளையும் மாட்டுங்கள். யாரும் எழுந்து நிற்கவேண்டாம். முடிந்தால் இருக்கையை விட்டு இறங்கிப் படகின் அடித்தளத்தில் உட்காருங்கள். அலை பக்கவாட்டில் மோதாமல், முகப்பில் சற்றுச் சாய்வாக வாங்கும்படி படகைத் திருப்பிவையுங்கள். எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தால் காற்றே வேண்டாம், நீங்களே கவிழ்த்துவிடுவீர்கள்.

கவிழ்ந்துவிட்டால் படகை விடாதீர்கள். கவிழ்ந்த படகும் பெரும்பாலும் மிதக்கும். தேடி வருபவர் கண்ணுக்குத் தனித் தலையைவிடப் படகுதான் சீக்கிரம் படும். "கரை இதோ தெரிகிறதே" என்று நீந்தப் போனவர்கள்தான் பாதிவழியில் களைத்துப்போகிறார்கள். நீச்சல் தெரிந்தவருக்கும் இது பொருந்தும்.

கரையேறியதும் இன்னொரு ஆபத்து காத்திருக்கும். நம் ஏரிக்கரைகளில் வரிசையாக நிற்பவை பனைமரங்கள். இடி நேரத்தில் அவற்றின் அடியில் ஒதுங்காதீர்கள். கூரைபோட்ட கட்டடம், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார் அல்லது பேருந்து. கீற்றுக்கொட்டகை மழைக்கு ஆகும், மின்னலுக்கு ஆகாது.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் ஊர் ஏரி கோடி போகும்போது பையன்கள் தெர்மாகோல் பலகை, வாழைமரத் தெப்பம் என்று இறங்கிவிடுகிறார்கள். சொன்னால் கேட்பதில்லை.
— ஆசிரியை, விக்கிரவாண்டி

பதில்: 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, உங்களுக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்படிப்பட்ட மழையில் நேற்று முழங்கால் அளவு இருந்த இடம் இன்று ஆள் ஆழமாகும். கலங்கலில் வழியும் நீர் பார்ப்பதற்கு மெல்லிய தகடுபோல இருக்கும், ஆனால் காலை வாரிவிடும். மதகுப் பக்கம் நீர் உள்ளே இழுக்கும். வண்டல் அள்ளிய பள்ளங்கள் கலங்கிய நீருக்கு அடியில் தெரியாது. "இறங்காதே" என்று பொதுவாகச் சொல்வதைவிட, கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும்போது மாணவர்களை அழைத்துப்போய் அந்தப் பள்ளங்களையும் மதகையும் நேரில் காட்டுங்கள். பார்த்த பையன் மறக்கமாட்டான்.

யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்க வேண்டாம் என்றும் சொல்லிக்கொடுங்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பது நம் ஊர்ச் செய்திகளில் அடிக்கடி வருகிறது. கயிறு, நீளமான கழி, துப்பட்டா எதையாவது நீட்டலாம். மூடிய காலிக் கேனோ பிளாஸ்டிக் குடமோ வீசலாம். மேலே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் கூடாது. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்துக் காற்றூதி, மார்பை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். இந்த முதலுதவியைப் பள்ளியில் ஒருநாள் வகுப்பாக நடத்த உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தைக் கேளுங்கள். கரையில் ஒரு நீளக் கயிறும் காற்றடைத்த இரண்டு டியூப்களும் நிரந்தரமாகத் தொங்கவிடும்படி ஊராட்சியிடம் மனு கொடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் கொடுத்துவிடுங்கள்.