கேட்பது அவிசுவாசமா?



போன மாதம் ஒரு வாலிபத் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ஒடிசாவில் மலைக் கிராமங்களுக்கு ஊழியத்துக்குப் போகிறவர். வந்து உட்கார்ந்து இரண்டு தம்ளர் டீ குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். என் முழங்கால் வலியை விசாரித்தார். பையிலிருந்து ஒரு கடிதத்தைப் பாதி எடுத்து, திரும்ப உள்ளே வைத்தார். ஒரு மணி நேரமாகியும் வந்த காரியத்தைச் சொல்லவில்லை. கடைசியில் எழுந்து, "ஜெபம் பண்ணிக்கங்க ஐயா, அது போதும்" என்றார். எனக்கு முப்பது வருஷத்துக்கு முந்தின என் முகம் ஞாபகத்துக்கு வந்தது. "உட்காருங்க தம்பி" என்றேன். அன்றைக்கு அவரோடு பேசினதைத்தான் இந்த மாத வேதபாடமாக எழுதுகிறேன்.

1994-ல் நான் மில் வேலையை விட்டுவிட்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்கு ஊழியத்துக்குப் போனேன். போவதற்கு முன் ஜார்ஜ் முல்லருடைய வாழ்க்கையைப் படித்திருந்தேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 1836-ல் அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு ஆரம்பித்தவர். தேவைகளை மனுஷரிடத்தில் சொல்லாமல் தேவனிடத்தில் மாத்திரம் சொன்னவர். அந்த வைராக்கியத்தில் நானும் சபையில் எழுந்து நின்று, "யாரிடத்திலும் கை நீட்டமாட்டேன், கர்த்தர் ஒருவரே எனக்குப் போதும்" என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். அந்த அல்லேலூயா சொன்னவர்களில் யார் யார் மாதாமாதம் எவ்வளவு அனுப்புவார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே உட்கார்ந்தேன். அதை மட்டும் அன்றைக்குச் சாட்சியில் சொல்லவில்லை.

முதல் வருஷம் எப்படிப் போயிற்று தெரியுமா? நான் யாரிடமும் கேட்கவில்லை, மெய்தான். ஆனால் சமவெளிக்கு இறங்கி வந்து எந்தச் சபையில் சாட்சி சொன்னாலும், "முந்தாநாள் வீட்டில் அரிசி இல்லை, ஆனாலும் கர்த்தர் நல்லவர்" என்பேன். "பிள்ளைக்குக் காய்ச்சல், பஸ்ஸுக்குக் காசில்லை, ஆனாலும் ஸ்தோத்திரம்" என்பேன். சொல்லிவிட்டு, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர் முகத்தைப் பார்ப்பேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் கொஞ்சம் மெதுவாகத்தான் செருப்பு மாட்டுவேன். ஒருநாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி சொன்னாள்: "என்னங்க, கேக்கணும்னா நேரா கேளுங்க. சாட்சின்னு சொல்லிக்கிட்டு கேக்காதீங்க. எனக்குக் கேவலமா இருக்கு." போளூர் வந்து சேரும்வரை நான் வாய் திறக்கவில்லை.

அதற்கப்புறம் முல்லருடைய புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். முதல் தடவை படித்தபோது கண்ணில் படாத ஒரு காரியம் இருந்தது. 1841-ம் வருஷக் கடைசியில் அவருடைய கையில் பணம் அநேகமாய் இல்லாமல் போயிற்று. அதே சமயத்தில்தான் வருஷாந்தர அறிக்கையை வெளியிடவும், பொதுக்கூட்டம் கூட்டவும் வேண்டிய நாள் வந்தது. நாமாக இருந்தால் கர்த்தர் வழி திறந்தார் என்று சொல்லி, கூட்டத்தை இரண்டு நாள் நடத்துவோம். முல்லர் என்ன செய்தார்? கூட்டத்தையும் அறிக்கையையும் தள்ளிவைத்தார். தேவை இருக்கிற நேரத்தில் அறிக்கை வந்தால், அறிக்கையே கேட்கிற கையாக மாறிவிடும் என்று பயந்தார். அதற்குப் பின் பல மாதங்கள் நெருக்கம் நீடித்தது. அவருடைய வாய் கேட்கவில்லை, கண்ணும் கேட்கவில்லை. என் வாய் மட்டும்தான் சும்மா இருந்தது.

அப்படியானால் முல்லரைப்போலக் கேட்காமல் இருப்பதுதான் விசுவாசம், கேட்கிறவன் எல்லாம் அவிசுவாசியா? இந்தக் கேள்வியோடு வேதத்தை எடுங்கள். எஸ்றா எருசலேமுக்குப் புறப்பட்டபோது, வழியில் சத்துருக்களுக்கு விலக்கிக் காக்க ராஜாவினிடத்தில் சேவகரையும் குதிரைவீரரையும் கேட்க வெட்கப்பட்டான். எங்கள் தேவன் எங்களைக் காப்பார் என்று ராஜாவுக்கு முன்பாக ஏற்கெனவே சொல்லியாயிற்று. இனி எந்த முகத்தோடு கேட்பது? உபவாசம்பண்ணினான், பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தான் (எஸ்றா 8:21-31). நெகேமியாவோ அதே எருசலேமுக்குப் போகிறவன், அதே தேவனை நம்புகிறவன். அவன் ராஜாவினிடத்தில் வழிக்குக் கடிதம் கேட்டான், வாசலுக்கும் அலங்கத்துக்கும் மரம் கேட்டான், தான் தங்கப்போகிற வீட்டுக்கும் மரம் கேட்டான். ராஜா கூட அனுப்பின குதிரைவீரரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை (நெகேமியா 2:7-9). தேவனுடைய தயவுள்ள கரம் இருந்தது என்று வேதம் இரண்டு பேரைக் குறித்தும் சொல்லுகிறது. ஒருவருடைய அழைப்பை அடுத்தவர் தலையில் சட்டமாக வைக்கக்கூடாது. நெகேமியா ராஜாவுக்குப் பதில் சொல்லுமுன் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினான் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள் (2:4). முதல் மனு மேலே போயிற்று, இரண்டாவது மனுதான் அரமனைக்குப் போயிற்று.

இதைவிட என்னைத் தொட்டது எலியாவின் காரியம். கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் கொண்டுவந்து கொடுத்தன. அங்கே அவன் யாரிடமும் கேட்கவில்லை. பிறகு ஆறு வற்றிப்போயிற்று. கர்த்தர், சாறிபாத்துக்குப் போ, அங்கே உன்னைப் பராமரிக்க ஒரு விதவைக்குக் கட்டளையிட்டிருக்கிறேன் என்கிறார் (1 இராஜாக்கள் 17). ஆனால் எலியா போய்ப் பார்க்கும்போது அந்த விதவை எதற்காக விறகு பொறுக்குகிறாள்? இருக்கிற ஒரு பிடி மாவைச் சமைத்து, தானும் மகனும் சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போக! எனக்குக் கட்டளை வந்திருக்கிறது, உங்களுக்காகத்தான் காத்திருந்தேன் என்று அவள் சொல்லவில்லை. தேவன் கட்டளையிட்டாயிற்று, அவளுக்கோ அது தெரியவில்லை. எலியா வாய் திறந்து தண்ணீர் கேட்டு, பிறகு அப்பமும் கேட்டபோதுதான் அந்தக் கட்டளை அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் கூச்சப்பட்டுக்கொண்டு பட்டணத்து வாசலிலேயே நின்று திரும்பியிருந்தால்? அவனும் பட்டினி, அவளும் மகனும் சாவு.

இன்னொன்று. எலியா வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடவில்லை. அந்தப் பானையிலிருந்தே தானும் சாப்பிட்டு, அந்த வீட்டிலேயே தங்கினான். மாவு தீர்ந்தால் அவனுக்கும் தீரும். விதவையின் கடைசிக் காசைக் கேட்கிற பிரசங்கிகள் இந்த அதிகாரத்தை எடுத்துப் பேசும்போது, அவள் வீட்டில் எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. போகட்டும்.

இப்போது நான் சொல்ல வெட்கப்படுகிற பகுதிக்கு வருகிறேன். நேராகக் கேட்கப் பழகினேன். கடிதம் எழுதினேன். சமவெளியில் நல்ல உத்தியோகத்தில் இருந்த ஒரு சகோதரர் மாதம் 300 ரூபாய் மணியார்டர் அனுப்ப ஆரம்பித்தார். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு அது பெரிய தொகை. 1996-ல் அவர், "இந்த வருஷம் எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள்?" என்று கேட்டு எழுதினார். மூன்று பேர் எடுத்திருந்தார்கள். நான் அந்த மூன்றுக்கு முன்னால் ஒரு ஒன்றைப் போட்டேன். ஒரே ஒரு கோடு! கர்த்தர் செய்யப்போகிறதை விசுவாச அறிக்கையாக எழுதுகிறேன் என்று என் மனச்சாட்சிக்கு ஒரு பிரசங்கமும் பண்ணினேன். பணம் தொடர்ந்து வந்தது. ஆனால் முழங்கால்படியிட்டால் ஜெபத்தில் விடுதலை இல்லை. மணியார்டர் பாரத்தில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அந்தக் கோடுதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. என்னை எது காப்பாற்றுகிறது என்பது அப்போது விளங்கியது. நான் நம்பியிருந்தது யெகோவாயீரேயை இல்லை, அந்தப் பதின்மூன்றை.

இரண்டு மாதம் கழித்து, "மூன்று பேர்தான், நான் பொய் எழுதினேன், மன்னியுங்கள்" என்று அவருக்கு எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. மணியார்டரும் நின்றுபோயிற்று. அவரை நான் குறை சொல்லமாட்டேன். என் மனைவி கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள், அடகு வைத்தேன். அது திரும்ப வரவே இல்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். சாட்சி என்றால் கடைசியில் எல்லாம் இரட்டத்தனையாய்த் திரும்பி வந்தது என்று முடிக்க வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எங்களுக்கு வந்தது என்ன? மில்லில் என்னோடு வேலை செய்த ஒருவர் 50 ரூபாய் அனுப்பினார். மணியார்டர் கூப்பனில், "ஓவர்டைம் காசு, உனக்குன்னு தோணுச்சு" என்று ஒரு வரி. மலையில் ஒரு வயதான அம்மா வாரத்துக்கு ஒருதரம் சாமை கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த மூன்று பேரில் அவர்களும் ஒருவர். 300 போய் 50-ம் சாமையும் வந்தது. பட்டினி கிடக்கவில்லை. என் பிள்ளைகள் இன்றைக்கும் சாமைச் சோறு என்றால் எழுந்து போய்விடுவார்கள், அது வேறு விஷயம்.

ஆகையால்தான் பவுல் எருசலேம் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த பணத்தைத் தனியாகக் கொண்டுபோக விரும்பவில்லை. தீத்துவையும் வேறு சகோதரரையும் கூட வைத்துக்கொண்டார். தேவனுக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் கணக்கு சுத்தமாயிருக்க வேண்டும் என்பது அவருடைய கவலை (2 கொரிந்தியர் 8:18-21). அதே பவுல் ரோமாபுரியாரிடம், ஸ்பானியாவுக்கு என்னை வழிவிட்டனுப்புங்கள் என்று எழுதக் கூச்சப்படவும் இல்லை (ரோமர் 15:24). கேட்கவும் தெரிந்திருந்தது, கூடாரம் தைக்கவும் தெரிந்திருந்தது. கொரிந்துவில் அவர் கூடாரத் தொழில் செய்தார், மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர்தான் அங்கே அவருடைய குறைவை நிறைவாக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:3, 2 கொரிந்தியர் 11:9).

சபையாராகிய உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊழியக்காரன் விசுவாசத்தில் வாழவேண்டும் என்று நாம் சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம். நெகேமியாவின் நாளில் பங்கு கொடுக்கப்படாததால் லேவியர் அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள். நெகேமியா லேவியரைப் பார்த்து உங்களுக்கு விசுவாசம் இல்லையா என்று கேட்கவில்லை. தேவாலயம் ஏன் கைவிடப்பட்டது என்று தலைவர்களோடு வழக்காடினான் (நெகேமியா 13:10-11). மிசோரம் சபைகளில் வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்து வைக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற வழக்கம் அது. அந்தப் பிடியரிசியினால் மிஷனெரி ஊழியம் தாங்கப்படுகிறது. அங்கேயும் எல்லாரும் பணக்காரர் இல்லை.

தம்பியின் காரியத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். இத்தனையும் பேசின பிறகு, "இப்ப சொல்லுங்க, மாசத்துக்கு எவ்வளவு வேணும்?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டே பையிலிருந்து கடிதத்தை முழுவதும் வெளியே எடுத்தார். வாடகை, சாப்பாடு, பஸ், மருந்து என்று எல்லாம் எழுதி, 11,000 என்று கூட்டியிருந்தார். இதுவரை 4,500-க்கு ஆள் கிடைத்திருக்கிறது என்றார். எங்களால் 500 முடியும் என்றேன். உள்ளேயிருந்து என் மனைவி, "மருந்துக்கு இவ்வளவு பத்தாது தம்பி, மலையில் மலேரியா வரும்" என்று குரல் கொடுத்தாள். அவர் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துத் திருத்தி எழுதினார். இப்போதெல்லாம் போனிலேயே அனுப்புகிறார்கள். எனக்கு அது வராது. பேரன் சாயங்காலம் வந்து அனுப்பிக் கொடுத்தான். இன்னும் 6,000-க்கு மேல் குறைகிறது. அடுத்த மாதம் 10-ம் தேதி அவர் புறப்படுகிறார்.