காட்டோர ஊரின் கழிவு எங்கே போகிறது?

கேள்வி: கோவை மாவட்டத்தில் மலையடிவார ஊர் எங்களுடையது. தோட்டத்தைத் தாண்டினால் காடு. ஊர்க் குப்பை முழுவதும் ரோட்டு முனையில், பள்ளத்தோரம் கொட்டப்படுகிறது. ராத்திரியானால் காட்டுப்பன்றியும் யானையும் அங்கேதான் நிற்கின்றன. வீட்டுக்கு வீடு கழிப்பறை இருக்கிறது. ஆனால் குழி நிறைந்துவிட்டது, தண்ணீர் பற்றவில்லை என்று பாதிப் பேர் விடியும் முன்னே புதர்ப் பக்கம் போகிறோம். இதையெல்லாம் சரிசெய்யலாம் என்று எங்கள் மகளிர் குழுவில் பேச்செடுத்தால், “ஊர்ச் சுத்தத்துக்கும் காட்டு மிருகத்துக்கும் என்ன சம்பந்தம்? வேலி போடச் சொல்லுங்கள்” என்கிறார்கள் பெரியவர்கள். சம்பந்தம் உண்டா டாக்டர்? கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தில் எதை முதலில் செய்வது? ஊரைச் சுத்தமாக வைத்தால் யானை வராமல் இருக்குமா?

— மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர் ஒருவர், கோவை மாவட்டம்

பதில்: சம்பந்தம் உண்டு, அதுவும் நேரடியாக. ஊர்க் கழிவு காட்டுக்குள் போக மூன்று வழிகள் இருக்கின்றன: குப்பை, மலம், நாய். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யானை பிளாஸ்டிக்கைத் தேடி வருவதில்லை. அதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும். மோப்ப சக்தியோ அபாரம். மீந்த சோறு, உப்பு, வெல்லம், பழத்தோல் இவற்றின் வாசம் பிடித்து வரும். வந்த இடத்தில் கவரைப் பிரித்து உண்ண அதற்குத் தெரியாது. உங்கள் பக்கம் கிடக்கும் யானைச் சாணத்தைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். புல் நாரோடு நாராகப் பால் பாக்கெட், மசாலா கவர், ஷாம்பு சாஷே, ரப்பர் பேண்ட் என்று எல்லாம் வரும். உத்தராகண்டின் கோட்துவார், ஹரித்துவார் பகுதிக் காடுகளில் இப்படிச் சாணத்தைச் சேகரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில் மனிதர் வீசிய பொருள்கள் இருந்ததாக 2022-இல் எழுதினார்கள். அவற்றில் பெரும்பகுதி பிளாஸ்டிக். சாணத்தோடு வெளியேறிவிட்டால் யானைக்கு அதிர்ஷ்டம். குடலில் சுருண்டு அடைத்துக்கொண்டால் தீனி இறங்காது, நீரும் இறங்காது, யானை நாள்கணக்கில் நலிந்து சாயும். 2025 மே மாதம் உங்கள் மாவட்டத்திலேயே, மருதமலை அடிவாரத்தில் ஒரு கர்ப்பிணி யானை விழுந்து இறந்தது. பிரேதப் பரிசோதனையில் அதன் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததும் தெரியவந்தது.

பெரியவர்கள் கேட்கும் வேலிக்கு இலங்கையில் ஒரு பதில் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில், சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பையைக் கொட்டும் மேடு ஒன்று உண்டு. அதைச் சுற்றி மின்வேலி இருந்தது. 2014-இல் இடி விழுந்து பழுதான வேலியை யாரும் சரிசெய்யவில்லை. யானைகள் உள்ளே போகத் தொடங்கின. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக் தின்று இறந்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. வேலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே சோற்று வாசம் இருக்கும்வரை, வேலி பழுதாகும் ஒரு நாளுக்காக யானை காத்திருக்கும் என்கிறேன்.

அடுத்தது மலம். இதைப் பேச நம்மில் பலருக்குக் கூச்சம். ஆனால் காட்டுயிர் மருத்துவத்தில் இதற்குப் பெரிய இடம் உண்டு. உகாண்டாவின் பிவிண்டி தேசியப் பூங்கா மலைக் கொரில்லாக்களுக்குப் பேர்போனது. 1996-இல் அங்கே கொரில்லாக்களுக்கு முடி உதிர்ந்து, தோல் சொறியாகி, ஒரு குட்டி இறந்தும் போனது. சொறிசிரங்குதான் காரணம். அது மலத்தால் பரவும் நோயல்ல; ஆனால் ஊரின் சுகாதாரக் குறை காட்டுக்குள் எப்படி எட்டுகிறது என்பதை அது காட்டியது. பூங்காவை ஒட்டிய ஊர்களில் போதிய சுகாதார வசதி இல்லாத மக்களிடமிருந்து அந்த நோய் தொற்றியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தவர், சிகிச்சை அளித்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-ஜிகுசோகா. விலங்குக்கு ஊசி போட்டுவிட்டு ஊரை அப்படியே விட்டால் நோய் திரும்பி வரும் என்று அவருக்குப் புரிந்தது. 2003-இல் அவர் தொடங்கிய அமைப்பு, கொரில்லாக்களைக் கண்காணிப்பதோடு ஊர்மக்களின் உடல்நலத்தையும் கையிலெடுத்தது. ஊருக்குள் இருந்தே தொண்டர்களைப் பழக்கினார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய்க் கழிப்பறை இருக்கிறதா, கை கழுவ வசதி இருக்கிறதா, குப்பைக்குக் குழி இருக்கிறதா, பாத்திரம் உலர்த்தப் பரண் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கொரில்லா பயிர்மேய வந்தால் தகவல் சொல்வதும் அவர்களே. உடல்நலத் தொண்டரும் காட்டுயிர்த் தொண்டரும் அங்கே ஒரே ஆள்தான்.

நம் காடுகளில் கொரில்லா இல்லை. குரங்குகளும் மான்களும் நம் மாடுகளும் இருக்கின்றன. எல்லாம் ஒரே பள்ளத்தில்தான் தண்ணீர் குடிக்கின்றன. முதல் மழையில் புதரோர மலம் முழுவதும் அந்தப் பள்ளத்துக்குத்தான் வரும். கீழே உள்ள ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் படுக்கும். இன்னொன்றும் உண்டு. விடியும் முன்னும் அந்தி சாய்ந்த பின்னும் யானையும் சிறுத்தையும் பன்றியும் நடமாடும் நேரம். பெண்கள் ஒதுங்கப் போகும் நேரமும் அதுவே. அந்த மோதலில் ஓர் உயிர் போனால், அந்த விலங்கைப் பிடித்துக்கொண்டு போ என்று ஊரே திரள்கிறது. வீட்டில் பயன்படும் நிலையில் உள்ள ஒரு கழிப்பறை இரண்டு உயிர்களைக் காப்பாற்றுகிறது.

மூன்றாவது நாய். கோழிக்கடைக் கழிவு விழும் இடத்தில் தெருநாய் பெருகும். நாய் பெருகினால் அதை அடிக்கச் சிறுத்தை ஊருக்குள் வரும். நாய்க்கு வெறிநோயோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயோ இருந்தால் அந்த நோயும் காட்டுக்குள் போகும். 1994-இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள், அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு, டிஸ்டெம்பரில் இறந்தன. அதன்பின் பூங்காவைச் சுற்றியுள்ள ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலை தொடங்கியது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் 23 சிங்கங்கள் இறந்தபோதும் பலவற்றில் அதே வைரஸ் கண்டறியப்பட்டது.

சரி, எதை முதலில் செய்வது?

முதல் வேலை மக்கும் குப்பை. இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை, பழக்கம்தான் வேண்டும். சோறு, காய்த்தோல், பழத்தோல் எதுவும் கவருக்குள் போகக் கூடாது. மாடு இருக்கும் வீட்டுக்கு அது தீவனம். மற்றவர்கள் கொல்லையில் குழி வெட்டி, ஒவ்வொரு முறை போட்டதும் மண்ணோ சாம்பலோ தூவி மூடட்டும். பலாத்தோலையும் வாழைத்தண்டையும் திறந்து போட்டால் யானையைக் கொல்லைக்கே அழைத்த கதையாகிவிடும். பால் பாக்கெட்டையும் மசாலா கவரையும் அலசிக் காயவைத்துத் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள். வாசமில்லாத கவரை யானை சீண்டாது. கோழிக்கடைக்காரரிடம் தனியாகப் பேசுங்கள். கழிவை அன்றன்றே ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும்.

இரண்டாவது, நிறைந்துபோன குழி. உங்கள் ஊர்க் கழிப்பறை ‘தூய்மை இந்தியா’ திட்டத்தில் 12,000 ரூபாய் மானியத்தில் கட்டியதென்றால் அது பெரும்பாலும் உறிஞ்சு குழி வகையாக இருக்கும். அதற்கு இரண்டு குழிகள் வேண்டும். பல ஊர்களில் ஒன்றோடு நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது குழியை வெட்டி, பேசினுக்குப் பின்னால் ஒரு சின்னத் தொட்டி கட்டி, அங்கிருந்து இரண்டு குழிக்கும் குழாய் பிரித்தால் போதும். நிறைந்த குழியின் பக்கம் செங்கல் வைத்து அடைத்துவிட்டு அடுத்ததைத் திறப்பது. மூடிய குழியை இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது வாடையற்ற எருவாகிவிடும். இந்த முறைக்குத் தண்ணீரும் குறைவாகவே செலவாகும். கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டராவது தள்ளி வெட்டுங்கள்.

செப்டிக் டேங்க் வைத்தவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: லாரி உறிஞ்சிக்கொண்டு போனதை எங்கே கொட்டுகிறது? பள்ளத்திலோ காட்டோரத்திலோ கொட்டினால், அந்தக் கழிப்பறைக்கும் புதருக்கும் வித்தியாசமே இல்லை. சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும் லாரிக்கு மட்டும் பணம் கொடுங்கள். குழிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

மூன்றாவது, நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும். கால்நடை மருந்தகத்தில் எழுதிக் கொடுத்து முகாம் கேளுங்கள்.

குப்பைமேட்டை மூடுவது கடைசி வேலை. முதல் வேலையாக அதை மூடினால் வினை வரும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடிகள் பல்லாண்டுகளாகக் குப்பைமேட்டில் தின்று பழகியிருந்தன. 1968-க்கும் 1971-க்கும் இடையில் மேடுகளைச் சட்டென்று மூடினார்கள். பசித்த கரடிகள் மனிதர்கள் தங்கும் இடங்களுக்கு வந்தன, பல கொல்லப்பட்டன. 1975-இல் அந்தக் கரடியை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. உங்கள் ஊரிலும் மேட்டில் கிடைப்பது நின்றுபோனால் யானை அடுத்த வாசத்தைத் தேடி அடுப்படிக்கு வரும். ஆகவே முதலில் வீடுகளில் வாசத்தை அடக்குங்கள். மேட்டுக்கு உணவுக் கழிவு வருவது நின்ற பிறகு அதை வாரி அப்புறப்படுத்துங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில்: யானை வராமல் இருக்காது. மலையடிவாரம் அதன் வழித்தடம். தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் அது கடந்து போகத்தான் செய்யும். ஆனால் கடந்து போகும் யானை வேறு, ஊரில் தினமும் சோறு கிடைக்கும் என்று பழகி நிற்கும் யானை வேறு. சோற்று வாசத்தைத் தேடி வீடுவரை வருவது இரண்டாவது வகைதான்.

அடுத்த கிராம சபையில் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவாருங்கள்: உணவுக் கழிவு ஊர்க் குப்பையில் சேரக் கூடாது, கோழிக் கழிவைத் திறந்த வெளியில் கொட்டினால் அபராதம், செப்டிக் டேங்க் லாரி எங்கே கொட்டுகிறது என்பதற்கு ரசீது வேண்டும். எழுத்தில் கொடுத்து, பதிவேட்டில் ஏறியதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.