ராத்திரி எட்டு மணிக்கு என்ன செய்வது?

கஞ்சாவுக்குக் கொஞ்ச நாள் லீவு விடலாம் என்று யோசிக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "சரி, சிகரெட்டை என்ன பண்ணப் போறே?" என்றுதான். சென்னையில் நான் பார்த்தவரை வெறும் கஞ்சாவைச் சுருட்டி இழுப்பவர்கள் அபூர்வம். சிகரெட்டை விரல்களுக்கு இடையில் உருட்டி உருட்டிப் புகையிலையை உதிர்த்து, அதில் கொஞ்சத்தை ஸ்டஃபோடு கலந்து, காலியான அதே குழலுக்குள் தீக்குச்சியால் குத்தித் திணிப்பதுதான் வழக்கம். ஜாயிண்டோடு நிக்கோட்டினும் சேர்ந்தே உள்ளே போகிறது. நிறுத்திய பிறகு வரும் எரிச்சலில் எது கஞ்சாவுடையது, எது புகையிலையுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கஞ்சாவை விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு பாக்கெட் சிகரெட்டை வைத்துக்கொண்டவர்கள் என் கூட்டத்திலேயே உண்டு.

நான் இரண்டையும் ஒன்றாக நிறுத்தினேன். மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் சீட்டு இல்லாமலே கிடைக்கும். அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றால் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். மெதுவாக மென்று, நாக்கில் சுரீரென்று காரம் ஏறியதும் கன்னத்தில் அடக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம்.

"கஞ்சா இயற்கைடா, அதுக்கு அடிமை எல்லாம் ஆக முடியாது" என்ற வசனத்தை நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய்க் கையேட்டில் கஞ்சாவை நிறுத்தும்போது வரும் தொந்தரவுகளுக்கென்றே தனி இடம் உண்டு: எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை. நிறுத்திய ஓரிரு நாளில் தொடங்கும். முதல் வாரம்தான் உச்சம். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தணியும். தூக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுத்தடிக்கும்.

சோற்றைப் பார்த்தாலே தொண்டை அடைத்தது. மோரும் ரசம் சாதமும்தான் இறங்கின. ராத்திரி பனியன் தொப்பலாக நனைந்துவிடும். மாற்றுப் பனியனையும் துண்டையும் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டால், நடுராத்திரியில் பீரோவைத் திறந்து வீட்டையே எழுப்ப வேண்டியதில்லை.

கனவுகளைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கனவு வரும் தூக்கத்தைக் கஞ்சா அமுக்கி வைக்கிறது. நிறுத்தியதும் அது கடனை வட்டியோடு வசூலிக்க வருகிறது. செத்துப்போன தாத்தா பஸ் கண்டக்டராக வந்து, ஐந்நூறு ரூபாய் நோட்டை வாங்க மறுத்து, வழியில் என்னை இறக்கிவிட்டார். விழித்த பிறகும் அவர் மேல் கோபம் போகவில்லை. பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து மறுபடி பொட்டலம் வாங்கப் போகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் போகிறார்கள். அது மூளை பழைய தூக்கத்துக்குத் திரும்புகிற வேலை, தானாக அடங்கும்.

உடம்பு இப்படி ஒரு வழியாகச் சமாளித்துக்கொள்கிறது. ராத்திரி எட்டு மணிதான் என்னைப் படுத்தியது. வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, மாடிக்கு ஏறுகிற நேரம் அது. "வாக்கிங் போ" என்றார்கள். எங்கள் தெருவில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு டீக்கடை, அதன் வாசலில் நான்கு பேர் புகைவிட்டுக்கொண்டு. எனக்குக் கைகொடுத்தது சாம்பார் வெங்காயம். அம்மாவிடம் கேட்டு வாங்கி உட்கார்ந்து உரித்தேன். இரண்டு கையும் ஈரம், கண்ணில் எரிச்சல், போனைக்கூடத் தொட முடியாது. அப்படியே ஒன்பதரை ஆகிவிடும். உங்களுக்கு வெங்காயம் வேண்டாமென்றால் ஷட்டில் ஆடுங்கள், பைக்கைக் கழுவுங்கள். இரண்டு கையும் மாட்டிக்கொள்கிற வேலையாக இருப்பது முக்கியம்.

நண்பர்களை ஒதுக்கத் தேவையில்லை. "பிரேக்ல இருக்கேன் மச்சான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் நீட்டுவதில்லை. தெளிவாக உட்கார்ந்து கேட்டால்தான், போன வாரம் சொன்ன அதே கதையை அதே ஆள் அதே இடத்தில் சிரித்தபடி சொல்வது தெரிகிறது. நானும் இப்படித்தான் அறுத்திருப்பேன். பாட்டு விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே பயம் இருந்தது. முதல் வாரங்களில் இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்' கூடத் தட்டையாகத்தான் கேட்டது. இப்போது வயலின்களுக்கு அடியில் ஓடும் பேஸ் கிதார் தனியாகக் காதில் விழுகிறது. போதையில் அதைக் கேட்ட நினைவே இல்லை.

மனம் தாங்க முடியாமல் சரிந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, எல்லோரும் சதி செய்வதாகத் தோன்றினாலோ வெங்காயம் உதவாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவசம். போலீஸ் பயத்தில் மருத்துவமனைக்கே போகாதவர்களுக்கு ஒன்று: போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமையாகி, பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது.

பிரேக் முடிந்து திரும்புகிறவர்களும் உண்டு; அவர்களுக்கு நான் உபதேசம் செய்யப் போவதில்லை. ஆனால் ஒரு மாதத்துக்குள் மூளையின் கஞ்சா ஏற்பிகள் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். பழைய அளவையே இழுத்தால் நெஞ்சு படபடத்து, சாகப் போகிறோம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரும். என் பிரேக் இன்னும் முடியவில்லை. எப்போது முடியும் என்று கேட்கிற மச்சான்களுக்கு, இந்த வாரம் இல்லை என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.