வியாழனின் நிழலும் மட்டாஞ்சேரி மணியும்

கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரி, மிளகு வணிகத்தால் பெயர் பெற்ற ஊர். இங்குள்ள யூதர் தொழுகைக்கூடம் 1568-இல் எழுந்தது. அதன் மணிக்கூண்டு 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்நாளில் ஒவ்வோர் ஊரும் தன் உச்சிச் சூரியனைக் கொண்டே நேரத்தை வகுத்துக்கொண்டது. மட்டாஞ்சேரியில் நண்பகல் 12 மணி ஆகும்போது, சென்னையில் 12 மணி 16 நிமிடம் ஆகியிருக்கும். இவ்வேறுபாட்டை அறிய அக்காலத்தில் உதவியவற்றுள் ஒன்று, பல கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வியாழனின் நிழல் என்பது வியப்புக்குரியது.

வானத்தில் ஒரு கடிகாரம்

1610-ஆம் ஆண்டு சனவரியில் கலிலியோ வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களைக் கண்டார். அவற்றுள் மிக உட்புறமாகச் சுற்றும் அயோ, ஏறத்தாழ 42½ மணி நேரத்தில் வியாழனை ஒருமுறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது வியாழனின் நிழலுக்குள் புகுந்து மறைகிறது. இந்தக் கிரகணம் பூமியில் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே கணத்தில் நிகழ்வதாகும். ஆகவே இரண்டு ஊர்களில் அதைக் கண்டவர்கள் தத்தம் உள்ளூர் நேரத்தைக் குறித்து ஒப்பிட்டால் தீர்க்கரேகை வேறுபாடு கிடைக்கும். 4 நிமிடம் 1 பாகைக்குச் சமம். மட்டாஞ்சேரி கிழக்கே 76¼ பாகையிலும், சென்னை 80¼ பாகையிலும் உள்ளன. இடைவெளி 4 பாகை. அதாவது 16 நிமிடம்.

இதில் பிழை நேர்ந்தால் விளைவு பெரிது. நேரக் கணக்கில் 1 நிமிடம் தவறினால், கொச்சியின் அட்சரேகையில் ஓரிடம் வரைபடத்தில் சுமார் 27 கிலோமீட்டர் தள்ளிப்போகும். கரை எங்கே என்று அறியாத மாலுமிக்கு அது உயிர் பற்றிய செய்தி. ஆடும் கப்பலில் தொலைநோக்கியை நிலையாகப் பிடிப்பது அரிது. எனவே நிலத்தில் இருந்தே இம்முறை பயன்பட்டது. 1792-இல் நிறுவப்பெற்ற சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் ஜான் கோல்டிங்காம் இக்கிரகணங்களைத் தொடர்ந்து கண்டு குறித்தார்.

இதே கிரகணங்கள் மற்றோர் உண்மையையும் புலப்படுத்தின. பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும் காலத்தில் அவை தாமதமாகத் தென்பட்டன. ஒளி வந்துசேர நேரம் பிடிக்கிறது என்று டென்மார்க் அறிஞர் ரோமர் 1676-இல் விளக்கினார்.

நிழலின் அளவு

துணைக்கோளின் நிழல் வியாழன்மீது விழுவதும் உண்டு. அது அங்கு நிகழும் சூரிய கிரகணம். நம் சந்திரனின் கருநிழல் பூமியைத் தொடுவதே சிரமம். 2019 டிசம்பர் 26-இல் அது தரையை எட்டாததால், வடகேரளத்தில் வளையமாகச் சூரியன் தோன்றியது. கொச்சியில் பகுதிக் கிரகணமே தெரிந்தது. வியாழனிலோ சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் சிறியதாகத் தெரிகிறது. கருநிழல் நீண்டு செல்கிறது. அயோவின் கருநிழல் வியாழனின் மேகங்கள்மீது சுமார் 3,000 கிலோமீட்டர் அகலமுள்ள கரும்புள்ளியாக ஓடுகிறது. வெளியே உள்ள கலிஸ்டோ மட்டும் சில ஆண்டுகளில் நிழலைத் தவிர்த்துச் செல்லும். சனியின் வளையங்கள் சூரியனுக்கு விளிம்பு காட்டும் காலத்தில், ஏறத்தாழ 15 ஆண்டுக்கு ஒருமுறை, டைட்டனின் நிழலும் சனிமீது விழும்.

சுமார் 6 ஆண்டுக்கு ஒருமுறை வியாழனின் துணைக்கோள்கள் ஒன்றையொன்று மறைக்கின்றன. 1991-இல் தமிழ்நாட்டின் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் இவை ஆராயப்பட்டன. இத்தகைய அளவீடுகள் துணைக்கோள்களின் பாதைகளை மேலும் துல்லியமாக்குகின்றன.

1906 முதல் இந்தியா 82½ பாகையின் நேரத்தைப் பொது நேரமாக ஏற்றது. அதனால் மட்டாஞ்சேரியின் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 25 நிமிடம் பிந்தியே உச்சியை அடைகிறது. துணைக்கோள்களை இருகுழல் தொலைநோக்கியிலேயே காணலாம். அயோவின் நிழலைக் காண நடுத்தரத் தொலைநோக்கி வேண்டும். ஒரே இரவில் கொச்சிப் பள்ளி மாணவரும் சென்னைப் பள்ளி மாணவரும் அயோ மறையும் நேரத்தைத் தம் ஊர்ச் சூரிய நேரத்தில் குறித்து ஒப்பிட்டால், தம் ஊர்களின் தீர்க்கரேகை வேறுபாட்டைத் தாமே கணக்கிட இயலும்.