முஹன்னத் வாளும் நமது எஃகும்



சென்ற பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோலாலம்பூர் இஸ்லாமியக் கலைப் பொருட்காட்சிச் சாலைக்குப் போயிருந்தோம். ஆயுதங்கள் வைத்திருக்கும் பகுதியில், ஒரு பாரசீக வளைவாளின் முன்னால் நமது இளைய மகன் வெகு நேரம் நின்றுவிட்டான். "அத்தா, இந்த வாள் மேலே தண்ணி ஓடுற மாதிரி வரி வரியா இருக்கே, இதை யாரு வரைஞ்சது?" என்று கேட்டான். நமக்குப் பதில் தெரியவில்லை.

இருபது வருஷமாக இரும்புச் சாமான் கடை வைத்து, கத்தியும் அரிவாளும் பாராங்கும் விற்றுப் பிழைக்கிறவர்கள் நாம். அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு மலாய்ப் பெரியவர், நம் கடையில் வாங்கிய பாராங்கு இரண்டாக முறிந்துவிட்டதென்று துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். "நல்ல எஃகு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அந்தக் கேள்வி திரும்பிப் போகவில்லை. நல்ல எஃகு என்றால் என்ன என்று அறியாமலே அல்லவா இத்தனை காலமும் அப்படிச் சொல்லி விற்றிருக்கிறோம்!

பெரியவர் கேட்டதும் பிள்ளை கேட்டதும் சேர்ந்து நம்மைப் படிக்க வைத்தன. படித்துத் தெரிந்துகொண்டதை, வியாபாரிகளாகிய நமது வாசகர்களுக்கும் பயன்படுமென்று இங்கே எழுதுகிறோம்.

பெயரிலே இருக்கும் செய்தி

மத்ரஸாவில் அரபு படித்தவர்களுக்கு "முஹன்னத்" என்ற சொல் புதிதல்ல. வாளைக் குறிக்கும் அரபுச் சொற்களில் அதுவும் ஒன்று. "ஹிந்த்" என்ற நாட்டின் பெயரிலிருந்து அது பிறந்தது. இஸ்லாத்திற்கு முந்திய காலத்திலேயே அரபுக் கவிஞர்கள் ஹிந்து தேசத்து வாளைப் புகழ்ந்து பாடியிருக்கிறார்கள். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் சந்நிதியில் பாடிய "பானத் ஸுஆத்" என்ற கஸீதாவிலும் இச்சொல் வருகிறது. அந்தக் கஸீதாவை எத்தனையோ முறை ஓதக் கேட்டிருக்கிறோம். அதில் நமது கரையிலிருந்து சென்ற ஒரு சரக்கின் பெயர் இருக்கிறதென்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஹிந்து தேசத்து இரும்பும் எஃகும் கப்பலேறி மேற்கே சென்றது மிகப் பழைய விஷயம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட "பெரிப்ளுஸ்" என்ற கடல் வழிகாட்டி நூல், செங்கடல் துறைமுகங்களில் இறங்கிய சரக்குகளில் இவற்றையும் குறிப்பிடுகிறது.

பக்தாதில் எழுதிய வாள் நூல்

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல் கிந்தி, கலீபா முஃதஸிம் அவர்களுக்காக வாள்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். முஃதஸிம் ஆட்சி செய்தது 833 முதல் 842 வரை. வாளை எப்படி வீசுவது என்பதல்ல அந்த நூலின் விஷயம். வாளை எப்படி அறிவது என்பதே.

பூமியிலிருந்து எடுத்து உருக்கும் இரும்பில் கடினமானது ஒன்று, மிருதுவானது ஒன்று என்று அவர் பிரிக்கிறார். கடினமானதை ஆண் இரும்பு என்றும், மிருதுவானதைப் பெண் இரும்பு என்றும் சொல்கிறார். இவற்றைத் தவிர மனிதன் உருக்கிச் சுத்தம் செய்து உண்டாக்கும் இரும்பு வேறு. அதன் பெயர் "பூலாத்". அதுவே எஃகு. எந்த ஊர் வாள் எப்படியிருக்கும், அதன் மேல் ஓடும் வரி எப்படிப்பட்டது என்றெல்லாம் விவரமாக எழுதுகிறார். யமன் வாள், ஹிந்து தேசத்து வாள், ஸரந்தீப் வாள் என்று வரிசைப்படுத்துகிறார். ஸரந்தீப் என்பது இலங்கை. அந்த எஃகு வேறு நாடுகளுக்குச் சென்று அங்கும் வாளாக அடிக்கப்பட்டதைச் சொல்லியிருக்கிறார்.

இன்று நாம் விலைப்பட்டியலைப் பார்த்துச் சரக்கு வாங்குகிறோம். அன்று ஒரு தத்துவ ஞானி கொல்லன் பட்டறையில் விசாரித்துச் சரக்கின் குணத்தை எழுதினார். யார் சிறந்த வியாபாரி என்று வாசகர்களே சொல்லட்டும்!

காற்றும் மூசையும்

ஸரந்தீப் எஃகு எங்கே பிறந்தது? இதற்கு விடை நமது காலத்தில்தான் கிடைத்தது. இலங்கையில் பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ என்ற இடத்தில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை நடந்த இரும்பு உலைகள் கண்டுபிடிக்கப்பட்டன. இந்த உலைகளுக்குத் துருத்தியே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றுதான் துருத்தி! கில் ஜூலெஃப் என்ற ஆராய்ச்சியாளர் 1994இல் அதே மாதிரி உலை கட்டி, காற்று வீசும் பருவத்தில் எரித்துப் பார்த்து, கரிச்சத்து மிகுந்த எஃகு கிடைப்பதை 1996இல் வெளியிட்டார். எந்தக் காற்று நமது முன்னோர்களின் பாய்மரக் கப்பலைத் தள்ளிற்றோ, அந்தக் காற்றே அங்கே உலையையும் ஊதியிருக்கிறது.

தமிழ்நாட்டில் வேறு முறை. ஈரோட்டுக்கு அருகே நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழ்வாராய்ச்சியில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட உலைகளும், எஃகு உருக்கிய மண் மூசைகளும் கிடைத்தன. சேலம் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இத்தொழில் நடந்தது. அதைக் கண்ணால் கண்ட ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கும் முறை இது:

தேனிரும்பைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு மண் மூசையில் இடுவார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு எடைக்குக் காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிப் போடுவார்கள். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலையை வைத்து, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கி, மரக்கரி மூடி, இரண்டரை மணி நேரம் விடாமல் ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரிச்சத்து இரும்பிலே கலக்கும். மூசையை ஆறவிட்டு உடைத்தால் உள்ளே சிறு எஃகுக் கட்டி இருக்கும்.

ஆவாரையும் எருக்கும் நமது ஊர்ப் பக்கம் வேலியோரத்தில் கேட்பாரற்று நிற்பவை. உலகம் தேடிய வாளுக்குக் கரு அங்கேதான் இருந்தது.

இந்தக் கட்டியை வாங்கப் பாரசீகத்திலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். பாரசீகத்து நல்ல வாள்களுக்கு வேண்டிய எஃகு கோல்கொண்டா ராஜ்யத்திலிருந்து வருகிறதென்று, பதினேழாம் நூற்றாண்டில் பிரயாணம் செய்த தவெர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி எழுதியிருக்கிறார். அந்தப் பிரதேசத்திலுள்ள கோனசமுத்திரம் என்ற ஊருக்கு 1820 வாக்கில் சென்ற ஓர் ஆங்கில டாக்டர், இஸ்பஹானிலிருந்து வந்த ஒரு ஹாஜியார் அங்கே எஃகு கொள்முதல் செய்ததைக் குறித்திருக்கிறார். தரகரை நம்பி வீட்டிலிருக்காமல், கடல் கடந்து உலையடிக்கே வந்திருக்கிறார் பாருங்கள்.

வரி வந்தது எப்படி?

நமது மகன் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். அந்த வரியை யாரும் வரையவில்லை. எஃகுக்குள்ளேயே அது இருக்கிறது.

இந்த எஃகில் கரிச்சத்து நூற்றுக்கு ஒன்றரை அளவில் இருக்கும். சாதாரண எஃகைவிட இது அதிகம். கட்டி மெல்ல ஆறும்போதும், பிறகு மிதமான சூட்டில் மீண்டும் மீண்டும் அடிக்கும்போதும், கரி கலந்த கடினமான துகள்கள் வரிவரியாகச் சேருகின்றன. அடித்து முடித்த வாளைப் புளிப்பான திராவகத்தால் கழுவினால், மிருதுவான பாகம் கறுத்து, கடினமான பாகம் வெள்ளையாய்த் தெரியும். அதுவே தண்ணீர் ஓடும் வரி. சூடு வெள்ளையாய் ஏறிவிட்டால் இந்த எஃகு பட்டடையில் நொறுங்கிப் போகும். ஐரோப்பியக் கொல்லர் பலர் முதலில் கையைச் சுட்டுக்கொண்டது இங்கேதான். பொறுமையில்லாதவனுக்கு இந்தச் சரக்கு வசப்படாது.

அந்த வரிகளுக்குக் காரணம் தாதுவில் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் வனேடியம் போன்ற உலோகங்களே என்று 1998இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் காட்டினார்கள்.

கட்டுக்கதைகள்

வாளைப் பற்றிக் கதைகளும் அதிகம். சுல்தான் ஸலாஹுத்தீன் தம் வாளால் பட்டுத்துணியை வெட்டி, ரிச்சர்டு மன்னனுக்குக் காட்டினார் என்பார்கள். அது 1825இல் வால்டர் ஸ்காட் எழுதிய நாவலில் வரும் கற்பனை. அவ்விருவரும் நேருக்கு நேர் சந்தித்ததே இல்லை. அதுபோலவே இன்று "டமாஸ்கஸ் கத்தி" என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை, இரண்டு வகை எஃகை அடுக்கடுக்காக வைத்து அடித்தவை. அவற்றிலும் நல்லவை உண்டு. ஆனால் அது இந்த எஃகு அல்ல. கடையில் வைத்திருக்கும் சகோதரர்கள் இதைத் தெரிந்து, கேட்பவர்களுக்கு உள்ளபடி சொல்வது நல்லது.

ஏன் மறைந்தது?

1401இல் தைமூர் திமிஷ்க் நகரைச் சூறையாடி, அதன் கைத்தொழிலாளரை ஸமர்கந்துக்குக் கொண்டு போனான். அப்போதும் தொழில் அழியவில்லை, இடம்தான் மாறிற்று. பிற்காலத்தில் துப்பாக்கி வந்து வாளின் மதிப்பைக் குறைத்தது. 1740களில் இங்கிலாந்தின் ஷெபீல்டில் ஹன்ட்ஸ்மன் என்பவர் எஃகைப் பெரிய மூசையில் உருக்கத் தொடங்கினார். 1795இல் லண்டன் ராயல் சங்கத்தில் "வூட்ஸ்" என்ற பெயரில் நமது எஃகைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வாசிக்கப்பட்டது. கொல்லர் மகனாய்ப் பிறந்த மைக்கேல் பாரடே என்ற பெரும் விஞ்ஞானி, 1819 முதல் சில ஆண்டுகள் அதை ஆராய்ந்தார். 1856இல் பெஸ்ஸமர் முறை வந்தபின், எஃகு மலிவான சரக்காயிற்று. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியாவில் வாள் வைத்திருப்பதையே கட்டுப்படுத்திற்று.

நம்மில் பலருக்குத் தெரிந்த பரங்கிப்பேட்டையில், 1830 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலம் தாதுவைக் கொண்டு ஒரு பெரிய இரும்பு ஆலை நிறுவினார். மரக்கரியை நம்பிய அந்த ஆலையும் அந்த நூற்றாண்டிலேயே மூடப்பட்டது.

இவ்வளவும் வெளியிலிருந்து வந்த காரணங்கள். உள்ளேயும் ஒன்று உண்டு. திமிஷ்க் கொல்லர் மஸ்யத் இப்னு அலீ வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதியதாக அல் பீரூனி குறிப்பிடுகிறார். அல் கிந்தி எழுதினார், பீரூனி எழுதினார், பிறகு ஆங்கிலேயர் எழுதினார்கள். மூசை வைத்த நமது கொல்லர், தகப்பன் மகனுக்குக் கையால் காட்டிக் கொடுத்ததோடு நின்றார். மகன் வேறு பிழைப்புத் தேடிப் போனபோது தொழிலும் அவரோடு போயிற்று. வாளுக்கு "ஹிந்த்" என்று நாட்டின் பெயர் நின்றது, "டமாஸ்கஸ்" என்று சந்தையின் பெயர் நின்றது. உருக்கியவர் பெயர் ஒன்றுகூட நிற்கவில்லை.

நமக்குப் பாடம்

குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்தின் பெயரே "அல் ஹதீத்", அதாவது இரும்பு. அதில் பெரும் வலிமையும் மனிதருக்குப் பல பயன்களும் இருப்பதாக அல்லாஹ் அறிவிக்கிறான். வாள்களின் காலம் போய்விட்டது. பயன்களின் காலம் போகவில்லை. அந்தப் பயனை மனிதர் கையில் சேர்ப்பவர்கள் வியாபாரிகளாகிய நாம்.

ஆகவே இரண்டு காரியங்களைத் தொடங்கியிருக்கிறோம். இப்போது கடைக்கு வரும் கத்தி எந்த எஃகு, எந்த வேலைக்கு ஏற்றது என்று விசாரித்து அறிந்த பிறகே அலமாரியில் வைக்கிறோம். அறியாததை "தெரியாது" என்று சொல்லியே விற்கிறோம். இதனால் சில விற்பனை தவறிப்போனதும் உண்மை. மற்றொன்று, ஒரு குறிப்புப் புத்தகம் போட்டு, ஒவ்வொரு சரக்கின் குணத்தையும் குற்றத்தையும் எழுதி வருகிறோம். மாலையில் நமது மகன் அதில் பென்சிலால் படம் வரைகிறான்.

பாராங்கு முறிந்த பெரியவர் போன மாதம் மறுபடியும் வந்தார். வேறொன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்து, "இது எப்படி?" என்றார். இந்தத் தடவை நமக்குப் பதில் தெரிந்திருந்தது. அல்ஹம்து லில்லாஹ்.