தலையில் அடிபட்டால்...

மாங்காய் பறிக்க மரமேறிய இரு சிறுவர்கள் கீழே விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவனுக்குத் தலையில் தோல் கிழிந்து, சட்டையெல்லாம் இரத்தம். மற்றவனுக்குக் காதுக்கு மேலே சிறு வீக்கம் மட்டுமே. சில நொடிகள் நினைவிழந்து கிடந்தான். பிறகு எழுந்து, "ஒன்றுமில்லை" என்று நடக்கிறான். இவர்களில் யாருக்கு ஆபத்து அதிகம்?

இரத்தம் ஒழுகுகிறவனையே நாம் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஆனால், மற்றவன்தான் அதிக ஆபத்தில் இருக்கக்கூடும். காரணத்தை அறியத் தலையின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம்.

மூடிய பெட்டி

வளர்ந்த மனிதனின் மூளை ஏறக்குறைய 1,400 கிராம் எடை உள்ளது, மிக மென்மையானது. அதைத் தலைத்தோலும், மண்டையோடும், மூன்று உறைகளும் காக்கின்றன. உறைகளில் வெளியே இருப்பது தடித்த டியூரா மேட்டர். மற்ற இரு உறைகளுக்கும் இடையே மூளைத் தண்டுவடத் திரவம் உள்ளது. கிணற்று நீருக்குள் இருக்கும்வரை குடம் இலேசாக இருக்கிறதல்லவா? அதுபோல இத்திரவத்தில் மிதக்கும் மூளையின் எடை சுமார் 50 கிராம் போலத்தான் இருக்கும்.

இவ்வளவு பாதுகாப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே இரத்தம் கசிந்தாலும் மூளை வீங்கினாலும் அதற்கு இடம் இல்லை. அழுத்தம் ஏறி, சுவாசத்தை இயக்கும் மூளைத் தண்டு நசுங்கத் தொடங்கும். உயிருக்கு ஆபத்து இங்கேதான்.

காயங்களின் வகைகள்

1. தலைத்தோல் காயம்: தலைத்தோலில் இரத்தக் குழாய்கள் மிகுதி. எனவே சிறு கிழிசலும் நிறைய இரத்தம் சிந்தும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். காப்பித்தூள் அப்புவது தவறு. அழுக்கும் கிருமியும் காயத்தில் சேரும்.

2. மண்டையோட்டு முறிவு: வெறும் விரிசலானால் பெரும்பாலும் தானே கூடிவிடும். எலும்பு உள்நோக்கி அமுங்கினால் மூளையைக் குத்தும். மண்டையோட்டின் அடிப்பாகம் உடைந்தால் மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ நீர் போன்ற திரவம் வடியலாம். அதைப் பஞ்சு வைத்து அடைக்கக் கூடாது.

3. மூளை அதிர்ச்சி: ஓடும் பேருந்து திடீரென நின்றால் நீங்கள் முன்னே சாய்கிறீர்கள். நியூட்டனின் முதல் விதி மூளைக்கும் பொருந்தும். தலை நின்ற பிறகும் உள்ளே மூளை அசைகிறது. அதன் செயல் தற்காலிகமாகக் குழம்புகிறது. தலைவலி, கிறுகிறுப்பு, நடந்ததை மறத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். நினைவு தப்பாமலும் இது ஏற்படலாம். பெரும்பாலோர் சில நாட்களிலோ வாரங்களிலோ தேறிவிடுவர். அதற்குமுன் விளையாடப் போய் மீண்டும் அடிபட்டால் தீங்கு பெரிதாகும்.

4. மூளைக் கன்றல்: மூளைத் திசுவே நசுங்கி இரத்தம் கட்டுவது இது. பின்மண்டையில் அடிபட்டவருக்கு மூளையின் முன்பகுதி கன்றியிருப்பதும் உண்டு. உள்ளே அசையும் மூளை எதிர்ப்புறத்திலும் மோதுவதே காரணம்.

5. இரத்தக் கட்டு: இதில் முக்கியமானவை இரண்டு. பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறமாகவே ஒரு தமனி ஓடுகிறது. "பொட்டில் அடிக்காதே" என்று பெரியவர்கள் சொல்வது வீண் பேச்சல்ல. அந்தத் தமனி கிழிந்தால் எலும்புக்கும் டியூராவுக்கும் இடையே இரத்தம் விரைவாகச் சேரும். அடிபட்டவர் இடையில் சில நிமிடங்களோ சில மணி நேரமோ தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கலாம். பிறகு திடீரென மயங்குவார். 2009ஆம் ஆண்டில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியின்போது விழுந்து, நலமாக இருப்பதாகச் சொல்லி முதலில் மருத்துவ உதவியை மறுத்தார். சுமார் ஒரு மணி நேரத்தில் தலைவலி தொடங்கியது. இரண்டு நாட்களில் இறந்தார். காரணம் இந்த வகை இரத்தக் கட்டுதான்.

மற்றொரு வகையில், டியூராவுக்குக் கீழே சிரைகள் அறுந்து இரத்தம் கசியும். முதியோரின் மூளை சற்றே சுருங்கியிருப்பதால் சிரைகள் எளிதில் அறும். தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்து, மூன்று வாரம் கழித்து நடை தள்ளாடினால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். மண்டையோட்டில் சிறு துளையிட்டு இரத்தத்தை வடித்தால் அவர் மீண்டும் பழையபடி நடமாட வாய்ப்புண்டு.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். இரத்தக் கட்டு தெரியாது. 1971இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அதன் பிறகே உள்காயத்தை உடனே காண முடிந்தது. 1974இல் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் கிளாஸ்கோ அளவுகோலை வெளியிட்டனர். கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இடுவது இது. முழு மதிப்பெண் 15, குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

அடிபட்டவரை முதல் ஒரு நாளாவது தனியே விடாதீர்கள். தலைவலி கூடுதல், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, ஒரு கண்பாவை மட்டும் பெரிதாதல், எழுப்பினாலும் விழிக்காமை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் 108ஐ அழையுங்கள். நினைவிழந்தவருக்குத் தண்ணீரோ சோடாவோ புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். கழுத்தும் அடிபட்டிருக்கலாம், அதைத் திருப்பாதீர்கள்.

தலைக்கவசத்தின் உள்ளே தெர்மோகோல் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. மோதலின்போது அது நசுங்குவதால், தலை நிற்பதற்குச் சற்றே கூடுதல் நேரம் கிடைக்கிறது, விசை குறைகிறது. வாரைப் பூட்டாவிட்டால் கவசம் முதலிலேயே கழன்று விழும். ஒரு முறை பலமாக மோதிய கவசத்தை மீண்டும் அணியக் கூடாது. இன்று மாலை உங்கள் வீட்டு வண்டியில் யாராவது வெளியே கிளம்பும்போது, அந்த வாரை ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.